உண்ணாவிரதத்தை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிகை ஷபானா ஆஸ்மிக்கு 75 வயது நிறைந்ததையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஐந்து தேசிய விருது, அப்பா கைஃபி ஆஸ்மி உருதுக் கவிஞர், கணவர் ஜாவேத் அக்தர் பாட்டெழுதுகிறவர், படத்தில் கட்டியிருக்கும் புடவை என்ன ரகம் என்பது வரை எல்லாம் இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: சமூக சேவையிலும் ஈடுபாடு கொண்டவர். இலை ஓரத்தில் ஊறுகாய் வைத்த மாதிரி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

1986இல் பம்பாயில் குடிசை இழந்த ஜனங்களோடு உட்கார்ந்து அவர் பட்டினி கிடந்தது கட்டுரையில் இல்லவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, தெரியும். வெட்டுவதென்றால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் கடலூர் முதுநகரில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். இவளுக்கு இந்தி நடிகையைப் பற்றி என்ன தெரியும் என்று தோன்றலாம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்வரை நான் வளர்ந்தது பம்பாய் தாராவியில். பூர்வீகம் விருத்தாசலம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பொய்த்த வருஷங்களில் ஊரில் பலபேர் ரயிலேறினார்கள், அப்பாவும் ஏறினார். கொத்தனாருக்குக் கையாளாகச் சேர்ந்தார். அம்மா மாதுங்காவில் வீட்டு வேலை செய்தாள். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் தகரமும் தார்ப்பாயும் சேர்த்துக் கட்டிய ஒரு அறை எங்களுக்கு. தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமானால் மாதுங்காவில் அரோரா தியேட்டர் இருந்தது. இந்தியை யாரும் சொல்லித்தரவில்லை, தெருவில் விளையாடியே வந்துவிட்டது.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் 1986 புரியும். 1981 ஜூலை, நல்ல மழைக்காலம். நடைபாதையில் குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பிவைப்போம் என்று அன்றைய மராட்டிய முதல்வர் அந்துலே அறிவித்தார். கொட்டுகிற மழையில் இடித்தார்கள். ஆட்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். நாங்கள் இருந்தது நடைபாதை இல்லை, ஆனாலும் பயம் பயம்தானே? அப்பா ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எந்நேரமும் இடுப்பிலேயே வைத்திருந்தார். அந்த இடிப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கிற வழக்கு அது. மனு போட்டவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலம் இல்லாத கூலி, 1961இல் வேலை தேடிப் பம்பாய் போனவர். அவருடைய குடிசையை இடித்து அவரை சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள், பெண்டாட்டி பிள்ளைகளையும் அனுப்பினார்கள். அவர் திரும்பவும் பம்பாய்க்கே வந்து இன்னொரு நடைபாதையில் ஒண்டிக்கொண்டார். ஊரில் சோறு இருந்தால் ஏன் வருகிறார்? 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். கையோடு, முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முதல் பாதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, இரண்டாம் பாதியைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

தீர்ப்பு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பம்பாயின் தென்கோடியில், நாரிமன் பாயின்ட், கஃப் பரேட் பக்கம், பெரிய பெரிய கட்டடங்களின் காலடியில் சஞ்சய் காந்தி நகர் என்று ஒரு குடிசைப்பகுதி இருந்தது. 1986 மார்ச்சில் அதை இடித்துத் தள்ளினார்கள். ஜனங்கள் போக இடமில்லாமல் அங்கேயே தெருவில் கிடந்தார்கள். நிவாரா ஹக் என்று குடியிருப்பு உரிமைக்காகப் போராடும் அமைப்பு அவர்களோடு நின்றது. மாற்று இடம் கொடு என்பதுதான் கோரிக்கை. அரசு அசையவில்லை. மே மாதம் உண்ணாவிரதம் என்று முடிவானது. பம்பாயின் குடிசைகளைப் பற்றி முந்தைய வருஷம்தான் ஆவணப்படம் எடுத்திருந்த ஆனந்த் பட்வர்தன் உட்கார்ந்தார், வீடிழந்தவர்கள் உட்கார்ந்தார்கள், கூடவே ஷபானா ஆஸ்மியும் உட்கார்ந்தார்.

அப்போது அவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1982, 83, 84 என்று மூன்று வருஷப் படங்களுக்கு வரிசையாகச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கியிருந்தவர். அந்த மே மாதம் அவர் இருந்திருக்க வேண்டிய இடம் பிரான்சில் கேன்ஸ் திரைப்பட விழா. மிருணாள் சென் இயக்கிய ஜெனசிஸ் படம் அங்கே போட்டியில் இருந்தது, அதில் அவர்தான் கதாநாயகி. விமானம் ஏற வேண்டியவர் ஏறவில்லை, நடைபாதைக்கு வந்து உட்கார்ந்தார். அப்பா கைஃபி ஆஸ்மிக்குச் சேதி போனது. அவர் வெளியூரில் இருந்தார். வேறொரு அப்பாவாக இருந்தால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, எழுந்து வீட்டுக்குப் போ என்றிருப்பார். இவர் தந்தி அடித்தார்: வெற்றி உண்டாகட்டும், தோழரே. மகளே என்றுகூட அழைக்கவில்லை.

ஐந்து நாள் நீடித்தது. ரத்த அழுத்தம் இறங்கி ஷபானாவின் உடல்நிலை மோசமானது. கடைசியில் நடிகர் சசி கபூர் அரசுத் தரப்பைப் போய்ப் பார்த்தார். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் சினிமாக்காரர்கள் வந்தோம், இன்று எங்களில் ஒருத்திக்குத் தேவை வந்திருக்கிறது என்கிற தோரணையில் அவர் பேசியதாக ஷபானா பிறகு பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அரசு இறங்கி வந்தது, மாற்று நிலம் தருவதாக ஒப்புக்கொண்டது.

எங்கள் தாராவிக்கு இது எப்படி வந்து சேர்ந்தது என்றால், டீக்கடை வழியாகத்தான். யாரோ ஒரு நடிகையாம், சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாளாம் என்று பேச்சு. யார் என்று விசாரித்ததில் அர்த் படத்தில் நடித்தவர் என்று தெரிந்தது. அம்மா உடனே, “அவளுக்கு என்ன தலையெழுத்து பட்டினி கிடக்க?” என்றாள். சாப்பாடு இல்லாமல் இருந்தது அம்மாவுக்குப் புதிதில்லை. சாப்பாடு இருக்கிற ஒருத்தி, நம்மைப் போன்றவர்களுக்காக வேண்டாமென்று தள்ளிவைப்பாளா என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அர்த் படத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். தெருவில் நாலு குடும்பம் காசு போட்டு வீடியோ வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் ஓட்டுவது அப்போதைய பழக்கம். உங்கள் கட்டுரை அந்தப் படத்தைக் கணவன் கைவிட்ட மனைவியின் கதை என்று சொல்லி முடித்துக்கொண்டது. எங்கள் தெருப் பெண்கள் பார்த்தது வேறு. அதில் ரோகிணி ஹட்டங்காடி நடித்த வேலைக்காரி இருக்கிறாள் அல்லவா? மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆயிரம் ரூபாய் சேர்த்துவைக்கிறாள், குடிகாரப் புருஷன் அதைத் திருடிவிடுகிறான், ஆத்திரத்தில் அவனைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போகிறாள். அந்தக் குழந்தையை ஷபானாவின் கதாபாத்திரம் எடுத்து வளர்க்கிறது. அம்மா அந்தக் காட்சியில் எழுந்து வெளியே போய்விட்டாள். எங்கள் அப்பா குடிக்கிறவர் இல்லை, ஆனால் பணத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று கேட்டுக்கொண்டு அம்மாவிடம் வரும் பெண்கள் உண்டு.

படத்தின் முடிவில் கணவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான். இதே தப்பை நான் செய்துவிட்டு வந்திருந்தால் நீ சேர்த்துக்கொள்வாயா என்று அவள் கேட்கிறாள். மாட்டேன் என்கிறான். அவ்வளவுதான், அவள் போய்விடுகிறாள். இந்த முடிவு ஓடாது, மாற்றுங்கள் என்று விநியோகஸ்தர்கள் சொன்னார்களாம். படம் வந்தபிறகோ முன்பின் தெரியாத பெண்கள் தங்கள் வீட்டுப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு ஷபானாவிடம் வர ஆரம்பித்திருக்கிறார்கள். நடிகை என்று ஆட்டோகிராப் கேட்க வரவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று கேட்க வந்தார்கள். பதில் தெரியாமல் பயந்துபோனேன், பெண்கள் பிரச்சினையில் நான் இறங்கியது அங்கிருந்துதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பயம். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இன்னொன்று, அவர் பணக்காரக் குடும்பத்தில் பிறந்து ஏழைகளைப் பார்த்து இரக்கப்பட்டவர் என்பதுபோல் கட்டுரை போகிறது. 1950இல் பிறந்த ஷபானா சின்னவயதில் வளர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் கூட்டாகக் குடியிருந்த இடத்தில். ரெட் ஃபிளாக் ஹால் என்று பெயர். எட்டுக் குடும்பம், ஆளுக்கு ஒரு அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அம்மா ஷௌகத் பிருத்வி தியேட்டரில் நாடக நடிகை, குழந்தையைத் தூக்கிக்கொண்டே ஒத்திகைக்குப் போனவர். அப்பா வெள்ளைக் குர்தாவில் தொழிலாளர் கூட்டங்களில் கவிதை படிக்கிறவர். குழாயடி வரிசை தெரிந்த பிள்ளைதான் அவர். அதற்காக எங்களைப் போல என்று சொல்லமாட்டேன், சேவியர் கல்லூரியில் மனோதத்துவமும் அப்புறம் புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்பும் படிக்க எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை.

அவருடைய முதல் படம் 1974இல் வந்த அங்குர். ஷ்யாம் பெனகல் இயக்கம். தெலங்கானா கிராமத்துக் கூலிப் பெண் லட்சுமியாக நடித்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு, கட்டுரையில் போட்டிருக்கலாம். பட்டணத்துப் பெண்ணுக்குக் குத்துக்காலிட்டு உட்கார வரவில்லையாம். மற்றவர்கள் மேஜையில் சாப்பிடும்போது நீ மட்டும் குத்துக்காலிட்டே சாப்பிட வேண்டும் என்று பெனகல் உத்தரவு போட்டுவிட்டார். ஒருநாள் கல்லூரிப் பையன்கள் ஷூட்டிங் பார்க்க வந்து, கதாநாயகி எங்கே என்று இவரிடமே கேட்டிருக்கிறார்கள். வெளியே போயிருக்கிறார்கள், நான் ஆயா என்றாராம். பையன்கள் நம்பிப் போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் பெனகல் மேஜைக்கு வரச்சொன்னாராம். அந்தப் படத்துக்கே தேசிய விருது.

நம் ஊரில் நடிகைகள் ஏழையாக நடிக்கும்போது முகத்தில் கரியைப் பூசிவிடுகிறார்கள், புருவம் மட்டும் திருத்தினபடியே இருக்கும். நான் தைக்கிறவள், என் கண் ஜாக்கெட்டுக்குத்தான் போகும். குடிசையில் இருப்பவள் போட்டிருக்கும் ஜாக்கெட்டில் கப் வைத்துத் தைத்திருப்பார்கள். சரி, அது வேறு கதை.

கௌதம் கோஷின் பார் படத்துக்காகக் குடிசையில் வாழும் ஒரு பெண்ணோடு பழகி, அவள் உட்காருவது, நடப்பது எல்லாம் கற்றுக்கொண்டார் ஷபானா. பிழைப்புக்கு வழியில்லாத தம்பதி, அவள் வயிற்றில் பிள்ளை, கிடைத்த ஒரே கூலிவேலை ஒரு பன்றிக் கூட்டத்தை ஆற்றில் நீந்தவைத்து அக்கரை சேர்ப்பது. பார்த்தால் தொண்டை அடைக்கும். நசீருதீன் ஷாவுக்கு வெனிஸ் விழாவில் விருது, இவருக்கு மூன்றாவது வருஷமாகத் தேசிய விருது. அவருடைய பேச்சுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒருத்தியின் வாழ்க்கையை எடுத்து நடித்து விருது வாங்கிக்கொண்டு, அவள் குடிசையை இடிக்கும்போது எனக்கென்ன என்று போக முடியாது என்பார். கஃப் பரேட் நடைபாதைக்கு அவர் வந்த வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். கேன்ஸ் விழாவுக்குப் போயிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

குடிசையோடு அவர் நின்றுவிடவும் இல்லை. 1989 ஜனவரி 1ஆம் தேதி டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் தொழிலாளர் மத்தியில் வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மியைக் கும்பல் ஒன்று தாக்கியது. மறுநாள் இறந்துவிட்டார். அதே மாதம் டெல்லியில் சர்வதேசத் திரைப்பட விழா. மேடையேறிய ஷபானா, ஒரு பக்கம் கலைவிழா நடத்திவிட்டு இன்னொரு பக்கம் கலைஞன் கொல்லப்படுவதைச் சகித்துக்கொள்கிறீர்களே என்று ஆளுங்கட்சியைக் கண்டித்து அறிக்கை படித்தார். மத்திய அமைச்சர் அங்கேயே இருந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் பத்மஸ்ரீ கொடுத்திருந்தார்கள். விருது வாங்கின கையோடு வாய் மூடிக்கொள்வதுதான் வழக்கம், இவரிடம் அது நடக்கவில்லை. எய்ட்ஸ் நோயாளியைத் தொட்டால் நோய் பரவாது, அன்புதான் பரவும் என்று விளம்பரப் படத்தில் பேசினார். 1997 முதல் 2003 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினர். உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்தில் அப்பாவின் சொந்த ஊரான மிஜ்வானில், அப்பா தொடங்கிய சங்கத்தை 2002இல் அவர் இறந்த பிறகு இவர் நடத்துகிறார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி, கம்ப்யூட்டர் பயிற்சி, சிக்கன் என்கிற பூவேலைப்பாட்டுத் தையல் கூடம் எல்லாம் உண்டு. அந்தத் தையல் கூடத்தைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினால்கூட நான் படிப்பேன்.

குறை சொல்ல ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சஞ்சய் காந்தி நகர் ஜனங்களுக்குக் கொடுத்த மாற்று நிலம் எங்கே? நகரத்தின் வடக்கே கோரேகாவ் பக்கம் திந்தோஷியில். பம்பாயில் இருந்தவர்களுக்குத் தெரியும், கஃப் பரேட் ஒரு கோடி என்றால் அது ஏறக்குறைய மறுகோடி. கஃப் பரேட் அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்த்தவள் அங்கிருந்து எப்படி வருவாள்? லோக்கல் ரயில் கூட்டத்தில் தொங்கிக்கொண்டா? எங்கள் அம்மா இந்தச் சேதி கேட்டதும் முதலில் கேட்டதே, “ரயில் பாஸ் யார் தருவா?” என்றுதான். ஐந்து நாள் பட்டினி கிடந்து ஒரு பிரபலம் வாதாடியும் கிடைத்தது அவ்வளவு தூரத்து நிலம் என்றால், யாரும் கேட்க வராத இடங்களில் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் கையில் ஒன்றுமில்லாததற்கு அது மேல். பின்னால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக இதே நிவாரா ஹக் அமைப்பு சண்டிவலியில் சுமார் 12,000 குடும்பங்களுக்கு வீடு என்கிற அளவுக்கு வேலையை எடுத்துச் செய்தது. கட்டடக் கலைஞர் பி.கே. தாஸ் போன்றவர்கள் வரைபடத்தோடு உள்ளே வந்தார்கள். அதாவது, வீடு கொடு என்று கத்தியதோடு நிற்காமல் வீட்டை எங்கே, எப்படிக் கட்டலாம் என்றும் உட்கார்ந்து பேசினார்கள். இந்தப் பகுதியை உங்கள் நிருபர் விசாரித்து எழுதியிருந்தால் நம் ஊருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

ஏன் நம் ஊருக்கு என்கிறேன் என்றால், இங்கேயும் அதுதான் நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கமெல்லாம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, அந்த அரிசி உலையில் போய்த்தான் வெந்தது, அந்தப் போர்வை குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் ஆனது. 2011 தானே புயலுக்கும் வந்தார்கள், 2015 வெள்ளத்துக்கும் வந்தார்கள். கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். அது உதவி. ஆனால் தண்ணீர் வடிந்து ஒரு வருஷம் கழித்து, கரையோரம் குடியிருக்கிறாய், எழுந்து போ என்று அதே ஜனங்களுக்கு நோட்டீஸ் வரும்போது கூட வந்து உட்கார ஒருத்தரும் இல்லை. நோட்டீஸ் படிக்கத் தெரிந்த பிள்ளை தெருவில் ஒன்று இருந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெண்களில் சிலர் அப்படி எங்கள் பகுதியிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டவர்கள். வீட்டைக் குறை சொல்ல முடியாது. கான்கிரீட் தளம், உள்ளேயே கக்கூஸ், மழை பெய்தால் கட்டில் மேல் ஏறி உட்கார வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மீன் விற்கிறவர்கள். துறைமுகத்தில் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் அங்கிருந்து பஸ் கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தால் வருகிற லாபத்தில் பாதி அதற்கே போகிறது. ஏலம் எடுத்துக் கூடையோடு பஸ் ஏறப்போனால் நாற்றம் என்று இறக்கிவிடுகிறார்கள். பழைய இடத்தில் மிஞ்சின மீனை வாசலில் உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்கிவிடுவார்கள். மூன்றாவது மாடியில் எங்கே காயவைப்பது? மாடிப்படியில் வைத்தால் சண்டை வருகிறது. ஒரு பெண் மீன் வியாபாரத்தையே விட்டுவிட்டு இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கப் போகிறாள், முகூர்த்த நாள் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இன்னொருத்தி கணவனையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, வாரத்தில் பாதிநாள் இங்கே அக்காள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறாள். வீடு கொடுத்த கணக்கில் இந்த இரண்டு பேரும் பயனாளிகள்.

வெள்ளம் வரும் கரையில் ஜனங்களை விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 2015 நவம்பரில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கரையைவிட மேடான இடம் வேண்டும்தான். ஆனால் வேலை செய்யும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், விடியற்காலையில் வண்டி உண்டா, பள்ளிக்கூடம் எத்தனை மைல், கருவாடு காய ஒரு வெயில்படும் களம் உண்டா என்று மாற்றுமுன் யாராவது கேட்டிருக்க வேண்டாமா? பம்பாயில் அந்த உண்ணாவிரதப் பந்தலில் கேட்டது இதைத்தான். 1985 தீர்ப்பில் பிழைப்பையும் உயிரையும் சேர்த்துச் சொன்னதும் இதைத்தான்.

உங்கள் பேப்பரில் இந்த ஊர் ஜனங்களின் செய்தி இரண்டு தடவைதான் வந்தது. ஒன்று, ஆக்கிரமிப்பு அகற்றம். மற்றது, பயனாளிகளுக்குச் சாவி வழங்கும் விழா. இரண்டிலும் இயந்திரமும் மேடையும் இருக்கும், பேட்டி கொடுத்தவர்கள் அதிகாரிகளும் விருந்தினர்களும். சாவி வாங்கி ஒரு வருஷம் கழித்து என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஷபானா ஆஸ்மியைப் பற்றி மறுபடி ஒரு முழுப்பக்கம் போடச் சொல்லவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை, பத்மபூஷண் வரை வாங்கிவிட்டார். திருத்தமாக ஒரு பத்தி போட்டால் போதும்: 1986 மே, கஃப் பரேட், குடிசை இழந்தவர்களோடு ஐந்து நாள் உண்ணாவிரதம், மாற்று நிலம் கிடைத்தது. இவ்வளவு வந்தால் உங்கள் கட்டுரையைப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு நடிகை இப்படியும் செய்ய முடியும் என்று தெரியும்.

அதைவிட முக்கியமாகக் கேட்பது, அந்த அடுக்குமாடிக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். இடத்தின் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அதை அச்சிட வேண்டாம். பேச விருப்பமுள்ள பெண்களிடம் நான் முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன், அவர்கள் பெயரையும் போட வேண்டாம். முடிந்தால் பெண் நிருபராக அனுப்புங்கள், கக்கூஸ் தண்ணீர்ப் பிரச்சினையெல்லாம் ஆண்களிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். பகல் பதினோரு மணிக்குப் போனால் பூட்டின கதவுகளைத்தான் பார்க்கலாம். விடியற்காலை மூன்றரைக்கே போய், அவர்கள் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும்போதே பேசிவிடுவது நல்லது. ஏலத்துக்குக் கிளம்பிவிட்டால் அப்புறம் யாரும் பதில் சொல்ல நிற்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்